செட்டில் ஆன செந்தாமரை

செந்தாமரைக்கு வலது தோள் எரிந்தது. வலி என்றால் ஓரிடத்தில் நிற்கும். இது நிற்கவில்லை. கழுத்தடியில் தொடங்கி, கைக்குள் இறங்கி, முழங்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சுண்டுவிரலில் போய் மரத்தது. கையைத் தூக்கி முடியை அள்ளிக் கட்ட முடியவில்லை. உலக்கையைத் தூக்க முடிந்தது. அது பழக்கம்.

திருப்பத்தூர் பெரியாஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோளுக்குள் தசைநார் கிழிந்திருக்கிறது, இன்னொரு வருஷம் சாமை இடித்தால் இந்தக் கை சோறு அள்ளவும் வராது என்றார். இடிக்காவிட்டால் அள்ளுவதற்குச் சோறே வராது என்று அவள் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் அவள் ஊரைச் சுற்றிச் சரிவெல்லாம் சாமைதான். ஊரார் சாமையை வாங்கி, இடித்து, புடைத்து, அரிசியாக்கித் திருப்பத்தூர் மண்டியில் போடுவது அவள் பிழைப்பு. புருஷன் குடகில் மிளகு எஸ்டேட்டில் இருந்தான். அவன் பணம் வருகிற மாதமும் உண்டு, அவன் போன் மட்டும் வருகிற மாதமும் உண்டு. இந்த நிலையில் மண்டிக்காரர் ஒரு நாள், கையால் இடித்த அரிசியில் உமி நிற்கிறது, ஆடி மாசத்திலிருந்து மிஷின் அரிசி என்றால் கொண்டு வா, இல்லையென்றால் வேறு வேலை பார் என்று சொல்லிவிட்டார்.

சாமை மிஷினுக்குப் பாதி விலையை மானியமாகத் தருகிற திட்டம் ஒன்று இருந்தது. மீதிப் பாதியை வங்கி கடனாகத் தர வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் வங்கிப் பணம் மிஷின் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் திட்டம் உயிரோடு இருக்காது. மார்ச் பிறந்து பாதி போன பிறகுதான் இதெல்லாம் மலைக்கு வந்து சேர்ந்தது. மலைக்கு எல்லாமே அப்படித்தான் வரும்.

நாத்தனார் நதியாவிடம் உரலை ஒப்படைத்துவிட்டு, விடியற்காலை ஜீப்பில் நசுங்கிக்கொண்டு செந்தாமரை கீழே இறங்கினாள்.

மலைமக்கள் வளர்ச்சி வங்கியின் திருப்பத்தூர் கிளை ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. மேனேஜர் அற்புதராஜ் மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு வலியைச் சொல்ல ஆரம்பித்ததும், வேண்டாம் என்று கையை அசைத்தார்.

“பாருங்கம்மா, முன்னல்லாம் மேனேஜருங்க ஆளப் பாத்து கடன் குடுப்பாங்க. கை காப்பு காய்ச்சிருக்கா, ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க, வாங்குனத ஒழுங்கா கட்டுனாளான்னு விசாரிப்பாங்க. ரொம்பத் தப்பு. அப்படி விசாரிச்சா ஆளப் பத்தி தெரிஞ்சி போயிடும். இப்ப நாங்க ஆளையே பாக்கறதில்ல.”

இதைச் சொல்லும்போது அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருத்தர் கடனை எப்படிக் கட்டுவார் என்று மதிப்பெண் போடுகிற கம்பெனிகள் இருக்கின்றன, அவர்கள் சொல்வதுதான் சொல் என்று விளக்கினார். முதல் கம்பெனி துலா. எண்களைத் தட்டினார். எழுநூற்று அறுபத்திரண்டு என்று வந்தது. அற்புதராஜ் எழுந்து நின்றுவிட்டார். தன் மதிப்பெண்ணே அவ்வளவு கிடையாது என்றார். இந்த அம்மாவுக்கு ஒரு டீ சொல்லச் சொன்னார்.

அடுத்து விதிப்படி இரண்டாவது கம்பெனி. அதன் பெயர் நேத்ரா. நேத்ரா ஐந்நூற்று முப்பத்தெட்டு என்றது. டீ வந்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். அதை யாருக்கு என்று வாங்கினோம் என்ற சந்தேகத்தோடு பார்த்தார். டீ மேஜை நடுவில் ஆறியது.

இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதைக் கேட்க வேண்டும். அது அக்ஷயா. அக்ஷயா மைனஸ் ஒன்று என்றது.

“ஒண்ணு கம்மியா சார்?” என்று கேட்டாள் செந்தாமரை.

“பூஜ்யத்துக்கே ஒண்ணு கம்மி.”

“பூஜ்யத்துக்குக் கீழ போற மாதிரி நான் இன்னா சார் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலம்மா. அதனாலதான் மைனஸ். இந்தக் கம்பெனி கணக்குல நீங்க இன்னும் பொறக்கவே இல்ல.”

மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த அதிகாரி சராசரி எடுக்கச் சொன்னார். மூன்றையும் கூட்டி வகுத்தால் நானூற்று முப்பத்துமூன்று வந்தது. அப்படி ஒரு மதிப்பெண்ணை எந்தக் கம்பெனியும் அவளுக்குப் போட்டிருக்கவில்லை. ஆனால் மண்டல அலுவலகம் நடுநிலையானது என்பதால் அதைக் குறித்துக்கொண்டது.

எது நிஜம் என்று செந்தாமரை கேட்டாள். மூன்றும் நிஜம்தான், வேறு வேறு நிஜம் என்றார் மேனேஜர். அப்புறம் ஒரு சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். மதிப்பெண்கள் வித்தியாசப்பட்டால் அதற்கான காரணத்தை விண்ணப்பதாரர் எழுத்து மூலம் விளக்க வேண்டும்.

“மார்க் போட்டது அவங்க சார். நான் எப்படி வெளக்கறது?”

“உங்க மார்க்குதானம்மா?”

மார்க் அவளுடையதுதான்.

மாடிப்படி இறங்கினால் ரேணுகாதேவியின் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், பட்டா நகல், பரீட்சை முடிவு எல்லாம் அங்கேதான். வங்கியிலிருந்து முகம் வெளுத்து இறங்குகிறவர்களை வைத்தே அந்தக் கடை ஓடியது. ரேணுகா அவள் கையெழுத்தை வாங்கி, விரலை வைக்கச் சொல்லி, மூன்று கம்பெனியிலும் அவள் பேரில் இருப்பதை இறக்கினாள். துலாவில் இப்போது எழுநூற்று நாற்பத்தொன்பது இருந்தது.

“மேல இருக்கும்போது அறுபத்திரண்டுன்னு சொன்னாரே. படி எறங்கறதுக்குள்ள எங்க போச்சி?”

“பேங்க் எட்டிப் பாத்தாங்க இல்ல, அதுல கொறஞ்சிடுச்சி. ஒருத்தர் கடன் கேட்டு பேங்க் பாத்தாலே, இவங்களுக்குக் காசு முடை போலன்னு கொஞ்சம் கொறச்சிடுவாங்க.”

“முடை இல்லாம யாரு கடன் கேப்பாங்க?”

“அத்த நானும் ரொம்ப நாளா யோசிக்கிறன்க்கா.”

மூன்றும் ஏன் வேறு வேறு என்று அவள் கேட்டாள். ரேணுகா தினமும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் பழகியவள். தெருவில் ஒரு சண்டை நடந்தால் மூன்று வீட்டுக்கும் ஒரே சேதியா போகிறது? கடன் கொடுத்தவன் ஒரு வீட்டுக்கு மாசாமாசம் சொல்லிவிடுகிறான், ஒரு வீட்டுக்கு நினைப்பு வந்தால் சொல்கிறான், ஒரு வீட்டுக்குச் சொல்வதே இல்லை. போய்ச் சேர்ந்த சேதியை வைத்து அவரவர் மார்க் போடுகிறார்கள். மார்க் போடுகிற விதமும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்தருக்கு ஒரு தவணை தவறினால் கோபம், இன்னொருத்தருக்கு வயசு குறைந்த கணக்கு என்றாலே ஆகாது.

“சரி, நேத்ராக்காரனுக்கு என் மேல இன்னா கோவம்?”

ரேணுகா ஒரு தாளை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்து, ஒரு வார்த்தையில் விரலை வைத்தாள். ஆட்டுக் கடன். வளர்பிறை மைக்ரோ பைனான்ஸ். கடைசிக் கட்டத்தில் ‘செட்டில்ட்’ என்று இருந்தது.

செந்தாமரைக்கு உயிர் வந்தது. ஆமாம், செட்டில் பண்ணியாச்சு, ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை, வாரா வாரம் கட்டி, ஆடு செத்த வாரம்கூடக் கட்டி முடித்த கடன் அது என்று படபடவென்று சொன்னாள்.

ரேணுகா சேரைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

“அக்கா, நம்ம பேச்சுல செட்டில்னா முழுசா கட்டிட்டோம்னு அர்த்தம். அவங்க பேச்சுல செட்டில்னா, இந்தப் பொம்பளையால முடியல, குடுத்த வரைக்கும் போதும்னு வாங்கிட்டு வுட்டுட்டோம்னு அர்த்தம். முழுசா கட்டுனவங்களுக்கு ‘க்ளோஸ்’னு போடுவாங்க.”

அந்த வார்த்தையை யாரும் அவள் மேல் திணிக்கவில்லை. அவளே கேட்டு வாங்கியது.

கடைசித் தவணை கட்டிய அன்று கடன் குழுப் பெண்கள் பத்து பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வசூலுக்கு வருகிற சைமன் போனை வைத்துக்கொண்டு, இதில் ரெண்டு வார்த்தை காட்டுகிறது, எதைத் தொடட்டும் என்று கேட்டான். ஆங்கிலம் பார்த்தால் அவனுக்கும் கொஞ்சம் வேர்க்கும். க்ளோஸ் என்றால் கதையை முடிச்சிட்டான் என்பது மாதிரி இருக்கிறது, நல்ல நாளும் அதுவுமாக அந்த வார்த்தை வேண்டாம் என்றாள் செந்தாமரை. “செட்டில்னு போடுப்பா. கௌரவமா இருக்கட்டும்.” மற்ற ஒன்பது பேரும் தங்களுக்கும் அதே கௌரவம் வேண்டும் என்றார்கள். சைமன் பத்து பேருக்கும் தொட்டான். கலர் குடித்துவிட்டுப் போனான். அன்றோடு அந்த ஊரில் பெண்கள் எல்லோரும் திவாலானார்கள். யாருக்கும் தெரியாது.

துலாவுக்கு ஏன் தெரியவில்லை என்றால், வளர்பிறை கம்பெனி துலாவுக்குச் சந்தா கட்டுவதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டது. கடைசியாகப் போன நல்ல சேதியோடு துலா அங்கேயே நின்றது. அக்ஷயாவுக்கு வளர்பிறை எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. இவ்வளவையும் ரேணுகா ஒரு தாளில் அழகாக டைப் அடித்து, கீழே செந்தாமரையின் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். இது விளக்கம், ஆனால் அந்த வார்த்தையை மாற்றாமல் விளக்கம் மட்டும் போதாது என்றும் சொன்னாள்.

வளர்பிறை அலுவலகத்தில் ஏரியா மேனேஜர் கிருஷ்ணன் அவளைப் பார்த்ததும் கும்பிட்டார். சுவரில் சிரிக்கிற பெண்களின் படங்கள் வரிசையாக இருந்தன. ஒருத்தி கையில் ஆட்டுக்குட்டி இருந்தது. சைமனும் ஒரு மூலையில் நின்றான். நீங்கள்தானே அக்கா சொன்னீர்கள் என்ற முகம் அவனுக்கு.

“எங்க கம்பெனியோட கொள்கையே பெண்கள் சொல்ற வார்த்தைக்கு மரியாதை குடுக்கறதுதான்” என்றார் கிருஷ்ணன். “நீங்க செட்டில்னு சொன்னீங்க. நாங்க எதுத்துப் பேசல.”

“முழுசா கட்டினேனா இல்லியா சார்?”

“கட்டுனீங்க. எனக்குத் தெரியும், சைமனுக்குத் தெரியும், ஹெட் ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் தெரியும். ஆனா எங்களுக்குத் தெரிஞ்சத வைக்க சிஸ்டத்துல எடம் இல்லம்மா.”

செட்டிலை க்ளோஸ் என்று மாற்ற ஒரு வழி இருந்தது. கட்டாமல் விட்ட தொகையைக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டது எவ்வளவு என்று கிருஷ்ணன் பார்த்தார். பூஜ்யம். பூஜ்யம் ரூபாயைச் சிஸ்டம் வாங்காது. அது குறைந்தது ஒரு ரூபாயாவது கேட்கும். செந்தாமரை உடனே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவர் தடுத்தார். பாக்கி இல்லாத கடனுக்கு ரூபாய் வாங்குவது குற்றம். முதலில் கடனைத் திறந்து, அதில் ஒரு ரூபாய் பாக்கியை உண்டாக்கி, பிறகு அதை வாங்கி மூட வேண்டும். திறப்பது இன்று நடக்கும், மூடுவது நாளைக்குத்தான் நடக்கும் என்றார். நடுவில் ஒரு ராத்திரி அவள் கடன்காரி.

மார்ச் முடிய அதிக நாள் இல்லை. திறங்கள் என்றாள்.

கிளம்பும்போது, நாளைக்கு வர வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வசூல் எங்கள் கடமை, நாங்களே வருவோம் என்றார் கிருஷ்ணன்.

மறுநாள் காலையில் சைமனின் பைக் மலை ஏறி வந்து அவள் வாசலில் நின்றது. கடன் திறந்த நிமிஷத்திலிருந்து அது பழைய தேதிக்கே பாக்கியாகி, ஒரு வருஷத்துக்கு மேல் கட்டாமல் இழுத்தடித்த கணக்காகச் சிஸ்டத்தில் சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். வீட்டையும் ஆளையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். நாளைக்குள் கட்டாவிட்டால் நடக்கப்போவதை வாசித்துக் காட்ட வேண்டும். சைமன் தலையைக் குனிந்துகொண்டு, சட்ட நடவடிக்கை, ஜாமீன்தாரர், பொருள் பறிமுதல் என்று முழுவதையும் வாசித்தான். ஊர் கூடிவிட்டது. குழுவில் இருந்த மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள்.

நதியா உலக்கையை நிறுத்தவில்லை. இடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஒத்த ரூவாய்க்கு எவ்ளோ பெட்ரோல் போட்டுக்கினு வந்தப்பா?”

“நூத்தம்பதுக்குக்கா.”

“அத்த எவன் குடுப்பான்?”

“கம்பெனி குடுக்கும்.”

“அப்படிப்பட்ட கம்பெனிக்கு மார்க்கு எவ்ளோன்னு யாரும் பாக்கறதில்லியா?”

கூட்டம் சிரித்தது. சைமனும் சிரித்தான். செந்தாமரைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கதவோரம் நின்று, படத்துக்கு முகம் காட்டினாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவளை வீட்டு வாசலில் நிறுத்தி யாரும் படம் எடுத்ததில்லை. ரூபாயைக் கொடுத்தாள். சைமன் போனைத் தட்டினான். அதே ரெண்டு வார்த்தை வந்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை. அவனாகவே சரியானதைத் தொட்டான். கலர் குடிக்காமல் இறங்கிப் போனான்.

மார்ச் முப்பத்தொன்று அன்று திருப்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வங்கி கடன் திருவிழா நடத்தியது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். கேசரி போட்டார்கள். செந்தாமரை விளக்கத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன் வரிசையில் இருந்தாள். மிஷின் கடைக்காரர் காலையிலேயே போன் செய்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பணம் ஏறினால் மிஷின் அவளுடையது, இல்லையென்றால் மானியம் போய்விடும், முழு விலைக்குத் தருமபுரிப் பக்கம் ஒரு ஆள் காத்திருக்கிறான் என்றார்.

மேடையில் சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி பேசினார். பேச்சில் நல்ல பயிற்சி உள்ளவர்.

“உங்களிடம் நாங்கள் நகை கேட்கவில்லை. நிலம் கேட்கவில்லை. ஜாமீன் கேட்கவில்லை. உங்கள் நம்பிக்கையை மட்டும்தான் கேட்கிறோம். எங்கள் நம்பிக்கையை மூன்று இடத்தில் சரிபார்த்த பிறகு தருவோம். இந்த வங்கி ஏழைகளுக்காகவே தொடங்கப்பட்டது. இத்தனை வருஷத்தில் எங்கள் வங்கியில் வராக்கடன் என்பதே கிடையாது. காரணம், எங்களுக்கு யாருக்குக் கடன் தரக்கூடாது என்று தெரியும்.”

கைதட்டல் நீண்டது. ஏழைகளும் தட்டினார்கள். செந்தாமரையால் வலது கையைத் தட்ட முடியவில்லை.

பேச்சு முடிந்து அற்புதராஜ் ஒரு மேஜையில் உட்கார்ந்தார். அவள் தாளை நீட்டினாள். அவர் அதை முழுவதும் படித்தார். இவ்வளவு தெளிவாக எழுதிய விளக்கத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். பிறகு லேப்டாப்பில் மூன்று கம்பெனியையும் மறுபடி கேட்டார்.

துலாவில் ஐந்நூற்று எழுபத்தொன்று. நேத்ராவில் எழுநூற்றுப் பதினாறு.

இரண்டும் இடம் மாறிவிட்டன. கிருஷ்ணன் கடனைத் திறந்த அன்று, நல்ல எண்ணத்தில், இவ்வளவு காலம் விட்டுப்போன துலாவுக்கும் சந்தா கட்டிச் சேதி அனுப்பியிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு ரூபாய் பாக்கி என்ற சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டி மூடிய சேதி அடுத்த மாசம்தான் போகும். நேத்ராவுக்கு மூடிய சேதி முதலில் போய்விட்டது. அக்ஷயா எப்போதும் போல மைனஸ் ஒன்று. அவள் அங்கே இன்னும் பிறக்கவில்லை.

“இப்ப சரியாப் போச்சி இல்ல சார்? நேத்ராவுல ஏறிடுச்சி. க்ளோஸ்னு வந்துடுச்சி. தோ, வெளக்கமும் இருக்குது.”

அற்புதராஜ் தாளை வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

“இது போன வாரத்து வித்தியாசத்துக்கு விளக்கம்மா. இன்னைக்கு இருக்கறது வேற வித்தியாசம்.”

அவள் மண்டபத்தின் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. ரேணுகா கடைக்கு ஓடி, இன்னொரு தாள் அடித்து வாங்கி வர முடியும். எழுந்தாள். அந்தத் தாள் வந்ததும் மறுபடி கேட்க வேண்டும், கேட்டால் மறுபடி குறையும், அது மூன்றாவது வித்தியாசம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“சார், இந்தக் கையால இனி ஆவாது. மிஷின் வரலன்னா நான் உக்காந்துடுவேன். உங்களுக்குத் தெரியுது இல்ல, நான் கட்டிடுவேன்னு?”

“தெரியுதும்மா. நல்லாத் தெரியுது. அதைத்தான் எங்கயும் எழுத முடியல.”

நாலேகாலுக்கு அவருக்கு மேடையிலிருந்து ஆள் வந்தது. கிளையின் வருட இலக்குக்கு இன்னும் சில கடன்கள் குறைகின்றன, பெரிய அதிகாரி கோபமாக இருக்கிறார் என்று காதில் சொன்னார்கள். அற்புதராஜ் முகம் மாறியது. செந்தாமரையைக் கூப்பிட்டார். கடன் அனுமதி ஆகிவிட்டது என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. அவர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கடன் கணக்கு ஒன்று அவள் பெயரில் திறக்கப்பட்டது. செயல்முறைக் கட்டணம் என்று ஒரு தாள் இருந்தது, அதிலும் போட்டாள். மேடைக்கு அழைத்துப் போனார்கள். ஆளுயர அட்டையில் காசோலை. அதில் அவள் பெயரைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பெரிய அதிகாரி பிடித்தார், ஒரு பக்கம் அவள்.

“இன்னும் மேல தூக்குங்கம்மா” என்றார் போட்டோக்காரர். “முகத்துக்கு நேரா வரணும்.”

அவள் தூக்கினாள். தோளுக்குள் ஏதோ ஒன்று, ஈரத்துணி கிழிகிற மாதிரி, சத்தமில்லாமல் விட்டது. கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் அது சிரிப்பாக விழுந்தது. மறு வாரம் வங்கிச் சுவரில் அந்தப் படம் ஏறியது.

கீழே இறங்கியதும் ஒருவர் அட்டையை வாங்கி, அவள் பெயரை உரித்து, அடுத்தவர் பெயரை ஒட்டினார்.

கடைக்காரருக்குப் பணம் போய்விட்டதா என்று அவள் அற்புதராஜிடம் கேட்டாள். அவர் புரியாமல் பார்த்தார். அனுமதி வேறு, பட்டுவாடா வேறு என்றார். அனுமதி இலக்குக்கு. பட்டுவாடா மூன்று மதிப்பெண்ணும் ஒத்துப்போன பிறகு. அதற்குள் மானியம் போய்விடும் என்றாள். மானியம் தன் துறை இல்லை என்றார். ஐந்து மணிக்கு மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். மீதிக் கேசரியை வங்கி ஜீப்பில் ஏற்றினார்கள்.

மிஷின் தருமபுரிப் பக்கம் போனது. சித்திரையில் செந்தாமரை இடது கையால் இடித்துப் பார்த்தாள். அரிசி நொறுங்கியது. நதியா தன் வேலையையும் பார்த்து இவள் வேலையையும் எவ்வளவு நாள் பார்ப்பாள். ஆடி பிறப்பதற்கு முன்பே மண்டிக்காரர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். புருஷன் குடகிலிருந்து போனில், அங்கே கையை அதிகம் தூக்காத வேலை இருக்கிறதா என்று கங்காணியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். பிறகு வேறு பேச்சுக்குப் போனான்.

ஆடி நடுவில் அற்புதராஜே போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். செந்தாமரை இடது கையால் போனைப் பிடித்திருந்தாள். வலது கை காது வரை வருவதில்லை.

“யம்மா, என் சர்வீஸ்லயே பாத்ததில்ல. துலா, நேத்ரா, அக்ஷயா, மூணும் ஒரே மார்க். அறுநூத்தி நாலு. ஒரு நம்பர் கூட வித்தியாசம் இல்ல.”

எப்படி ஒத்துப்போயின என்று அவள் கேட்டாள். எங்கள் வங்கி மூன்று கம்பெனிக்கும் சந்தா கட்டுகிறது, மூன்றுக்கும் ஒரே நாளில் ஒரே சேதி அனுப்பினோம், அக்ஷயாவிலும் இப்போது நீங்கள் பிறந்துவிட்டீர்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

“அப்ப கடன் வருமா சார்?”

மிஷின் திட்டம் முடிந்துபோனதால் கடனை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னார். கணக்கை மட்டும் ரத்து செய்ய முடியவில்லை, அதில் ஒரு பாக்கி நிற்கிறது. கடன் கணக்கில் கடன் இல்லாவிட்டாலும் கட்டணம் உண்டு, அன்றைக்கு நீங்களே கையெழுத்துப் போட்டீர்கள். மூன்று கம்பெனிக்கும் போன சேதி அதுதான். மதிப்பெண் ஒத்துப்போனதும் அதனால்தான். அதைக் கட்டும் வரை எந்த வங்கியும் தராது என்றார்.

அவள் எவ்வளவு என்று கேட்டாள். அவர் சொன்னார்.

மலைமக்கள் வளர்ச்சி வங்கிக்குச் செந்தாமரை தர வேண்டிய பாக்கி, வாங்காத கடனுக்குச் செயல்முறைக் கட்டணம், ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.